பழைய கட்டடத்தைச் சுருட்டுக் கடையாகவும் லவுஞ்சாகவும் மாற்றுவது எப்படி?

பழைய கட்டடம் ஒன்றைச் சுருட்டுக் கடையாக மாற்ற நினைப்பவர்களின் மனத்தில் முதலில் வந்து நிற்பவை தோல் நாற்காலிகளும், மங்கலான மஞ்சள் விளக்குகளும், கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய மரப்பெட்டிகளும்தான். அவற்றையெல்லாம் கடைசி மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம். முதல் மாதத்திலேயே தீர்மானித்தாக வேண்டியது காற்று. இத்தகைய கட்டடத்தில் மூன்று விதமான காற்று ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும்: சுருட்டுகளை வைக்கும் அறையின் காற்று குளிர்ந்தும் ஈரப்பதத்தோடும் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும், லவுஞ்ச் எனப்படும், மக்கள் உட்கார்ந்து புகைக்கும் அறையின் காற்று ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும், பழைய சுவர்களோ தமக்குள் ஏறிய ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதுதான் இந்த வேலையின் சாரம். இதில் தவறிய கடைகளில் விலையுயர்ந்த சுருட்டில் பூஞ்சை படர்வதையும், மேல்மாடிக்காரர் புகை நாற்றம் தாங்காமல் புகார் கொடுப்பதையும், புதுப் பூச்சு ஒரே ஆண்டில் உதிர்வதையும் பார்க்கலாம்.

அனுமதி கிடைக்குமா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கட்டடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களிலும் பணியிடங்களிலும் மற்றவர் விடும் புகையிலிருந்து மக்களைக் காக்க வேண்டும் என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. அதில் இணைந்த நாடுகள் பலவற்றில் மூடிய இடத்தில் புகைப்பதற்கு அடியோடு தடை இருக்கிறது. சில இடங்களில் மட்டும் சுருட்டு விற்கும் சிறப்புக் கடைகளுக்கோ தனி அறைகளுக்கோ விலக்கு உண்டு. விலக்கு உள்ள இடங்களிலும் தரையிலிருந்து கூரை வரை முழுச் சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, கட்டடத்தின் பிற பகுதிகளோடு கலக்காத காற்றோட்டம் ஆகியவை பெரும்பாலும் நிபந்தனைகளாக வரும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இந்த முகவரியில் புகையிலை விற்கலாமா, இதே கூரையின் கீழ் புகைக்கலாமா, கட்டடத்தின் பயன்பாட்டை இவ்வாறு மாற்றலாமா. மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் வெளிச்சுவரில் துளையிடவும், கூரைக்கு மேல் குழாய் எழுப்பவும், ஜன்னலை மாற்றவும் தனி அனுமதி வேண்டியிருக்கும்; புகையை வெளியேற்றும் வழியே அதைப் பொறுத்ததாகிவிடும். பக்கத்துக் கட்டடத்தோடு பொதுச்சுவர் இருந்தாலோ, மேல்மாடியில் வேறொருவர் குடியிருந்தாலோ, என் தெளிவான அறிவுரை, வேறு கட்டடம் பாருங்கள் என்பதே. பழைய உத்தரங்களின் இடுக்குகள் வழியாகப் போகும் புகையை முழுமையாக அடைப்பது மிகக் கடினம்.

கட்டடத்தின் உடம்பைப் பரிசோதித்தல்

கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் செல்லும்போது அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தளத்தின் தாங்குதிறனைப் பற்றியது. குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரத்தைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. மக்கள் கூடும் இடங்களுக்கு அது 400 முதல் 500 கிலோ வரை இருக்க வேண்டும். வீடாக இருந்த கட்டடத்தின் மரத்தளத்தில் பருத்த நாற்காலிகளையும், பெட்டிகள் நிரம்பிய அலமாரிகளையும், இருபது பேரையும் ஏற்றுவதற்கு முன் விட்டங்களின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கரையானும் ஓதமும் முதலில் தின்பது அந்த முனைகளைத்தான். நடுப்பகுதி தட்டிப் பார்த்தால் திடமாகவே ஒலிக்கும்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், பழைய கூரைத் தகடு, குழாய்ப் போர்வை, தரை ஓடு ஆகியவற்றில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். சோதனை முடிவு வரும்வரை எதையும் உப்புத்தாளால் தேய்க்கவும் உடைக்கவும் வேண்டாம். கல்நார் இருப்பது தெரிந்தால் அதை அகற்றும் வேலை உரிமம் பெற்றவர்களுடையது. பழைய மின்கம்பிகளைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. முழுவதையும் புதிதாகப் போடுங்கள்.

ஓதத்தைப் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பழங்காலச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு அதன்மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறி, மேலே உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, கூரைத் தண்ணீர் வடியும் குழாய்களைச் சரிசெய்து, வெளித்தரையின் மட்டத்தை உள்தரைக்குக் கீழே இறக்கி, சுவரை உலரவிடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது உலர்வதற்கான வழக்கமான மதிப்பீடு. அவசரம் கூடாது, இங்கே மிச்சப்படுத்தும் இரண்டு மாதம் பிறகு இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முக்கால் முழம் அகலமுள்ள சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரிலோ தரையிலோ வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுப்பட்டையால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்பக்கத்தில் துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் துளிகள் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அதற்குச் சுவரைக் கொத்த வேண்டியதில்லை. சுருட்டு அறை வரப்போகும் இடத்தில் இந்தச் சோதனையைக் குறைந்தது ஐந்தாறு இடங்களில் செய்யுங்கள்.

எந்த அறை எங்கே?

வாசலை ஒட்டிக் கடை, கட்டடத்தின் நடுவில் சுருட்டு அறை, வெளிச்சுவரையோ கூரையையோ ஒட்டி லவுஞ்ச் என்ற வரிசையே பெரும்பாலான கட்டடங்களுக்குப் பொருந்தும். ஹியூமிடர் எனப்படும் சுருட்டு அறைக்கு வெயில் படும் சுவரும் ஜன்னலும் கூடாது. வெளியுலகின் வெப்பத்தோடு அதற்கு எவ்வளவு குறைவாகத் தொடர்பு இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. லவுஞ்சுக்கு அதற்கு நேர்மாறாக வெளியேறும் வழி அருகிலேயே இருக்க வேண்டும். பணம் வாங்கும் மேசையை லவுஞ்சுக்குள் வைக்காதீர்கள். சுருட்டுப் புகை வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்குவது. வாடிக்கையாளர் விரும்பி வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார், ஊழியரோ நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறார். அவர் நிற்கும் இடத்தில் நல்ல காற்று இருக்கும்படி வரைபடத்தை அமைப்பது முதலாளியின் கடமை.

சுருட்டு அறை

சுருட்டு 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 65 முதல் 72 சதவீத ஈரப்பதத்திலும் நன்றாக இருக்கும். ஈரம் குறைந்தால் மேலிலை வெடித்து, மணம் தரும் எண்ணெய்கள் போய்விடும். 75 சதவீதத்தைத் தாண்டி நெடுநேரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வெப்பம் 24 டிகிரியை நெருங்கினால் இலைக்குள் உறங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, குண்டூசி குத்தியது போன்ற துளைகள் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் பரவும்.

இந்த அறையைப் பழைய சுவர்களை வைத்தே உருவாக்க முயல்வது பலரும் செய்யும் தவறு. அதற்கான காரணத்தை ஒரு கணக்கு காட்டும். 20 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 14 டிகிரி. குளிர்காலத்தில் வெளிச்சுவரின் உட்புறம் அதற்குக் கீழே குளிர்ந்தால், அறையின் ஈரம் சுவரில் துளித்துளியாகப் படியும். வெப்பமான ஊர்களில் இது தலைகீழாக நடக்கும்: வெளியே 32 டிகிரியும் 75 சதவீதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை 27 டிகிரி, குளிரூட்டிய அறையின் சுவர் வெளிப்புறத்தில் வியர்க்கும். இரண்டிலும் பழைய சுண்ணாம்புச் சுவருக்குள்தான் தண்ணீர் இறங்கும். எனவே சுருட்டு அறையைக் கட்டடத்துக்குள் வைத்த ஒரு தனிப் பெட்டியாகவே கட்டுங்கள். பழைய சுவருக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் காற்று நடமாட வழி வையுங்கள். பெட்டியின் ஆறு பக்கங்களிலும், தரையையும் மேற்கூரையையும் மறந்துவிடாமல், நீராவியை உறிஞ்சாத மூடிய நுரைப் பலகைகளைப் பதித்து, இணைப்புகளை நீராவித் தடுப்புப் பட்டையால் ஒட்டுங்கள். மின்கம்பி நுழையும் சிறு துளையைக்கூட அடைத்தாக வேண்டும். ஈரம் முதலில் தேடிப் போவது அந்தத் துளையைத்தான்.

உட்புறத்தில் பதிக்கும் மரமாக உலகெங்கும் வழங்குவது ஸ்பானிஷ் சீடர். பெயர் அப்படியிருந்தாலும் அது உண்மையில் தேவதாரு வகையைச் சேர்ந்ததன்று. செட்ரெலா ஓடொராட்டா என்ற அந்த மரம் மகோகனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தை வாங்கித் திருப்பித் தரும், எளிதில் வளையாது, அதன் மணம் பூச்சிகளுக்குப் பிடிக்காது, சுருட்டின் மணத்தோடும் ஒத்துப்போகும். சூளையில் நன்றாக உலர்த்திய பலகையையே கேட்டு வாங்குங்கள். அரைகுறையாக உலர்ந்தது மாதக்கணக்கில் பிசின் கசிந்து பெட்டிகளில் ஒட்டும். வார்னிஷோ பாலிஷோ எந்தப் பலகையிலும் கூடாது. அலமாரித் தட்டுகளை முழுப் பலகையாகப் போடாமல் இடைவெளி விட்ட சட்டங்களாகப் போட்டால், கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் ஈரப்பதம் ஒன்றாக இருக்கும். கதவு இரட்டைக் கண்ணாடியாகவும், சுற்றிலும் ரப்பர் பட்டையோடும், தானே மூடிக்கொள்வதாகவும் இருக்கட்டும். விளக்குகள் எல்.இ.டி.யாக இருந்தாலும் அவற்றின் மின்மாற்றிகளை அறைக்கு வெளியே வையுங்கள். அவையும் வெப்பத்தை உமிழும்.

குளிரூட்டி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஈரமூட்டி அதைத் திரும்ப ஊட்டும். இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் நாள் முழுவதும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும். தேவைக்குமேல் பெரிய குளிரூட்டியை வாங்காதீர்கள். அது ஐந்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் நின்று ஈரப்பதத்தை ஊஞ்சலாட்டும். தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகையில் சிறியதாக ஒன்று போதும். ஈரமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோ மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு, மீயொலி வகைக் கருவியிலிருந்து வெண்ணிறத் தூளாகப் பறந்து சுருட்டுகளின்மேல் படியும், அதைப் பூஞ்சை என்று நினைத்து வாடிக்கையாளர் விலகிப் போவார். குளிரூட்டியின் நீர் வடிய வடிகால் வழி வேண்டும் என்பதையும், ஈரமூட்டியின் தொட்டியை வாரம் தவறாமல் கழுவ வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து, வெப்பம் மாறாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். மானி 75 சதவீதத்தைக் காட்ட வேண்டும். 72 என்று காட்டினால் அது எப்போதும் மூன்று குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

லவுஞ்சின் காற்று

புகைக்கும் அறைக்கு ஆளொன்றுக்கு நொடிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் 1989ஆம் ஆண்டுத் தரநிலை தந்த அளவு. பிற்காலத்தில் அதே அமைப்பு, எந்தக் காற்றோட்டமும் புகையின் தீங்கை முழுமையாக நீக்காது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. நேர்மையாகச் சொன்னால் அதுவே உண்மை. ஆகவே அந்த அளவைக் குறைந்தபட்சமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் உள்ள அறையில் பதினைந்து பேர் உட்காருவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 450 லிட்டர், அதாவது மணிக்கு 1620 கன மீட்டர் காற்று தேவை. அறையின் கொள்ளளவு 105 கன மீட்டர் என்பதால் மணிக்குப் பதினைந்து முறைக்கு மேல் காற்று முழுவதும் மாறுகிறது. குழாய்க்குள் காற்று நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் போனால், பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள சதுரக் குழாய் வேண்டும். பழைய கட்டடத்தில் இவ்வளவு பெரிய குழாயைக் கூரைவரை கொண்டுபோக வழி தேடுவதுதான் உண்மையான சவால். வரைபடம் போடும் முதல் நாளே அதற்கு இடம் ஒதுக்குங்கள். பயன்படாமல் கிடக்கும் புகைபோக்கி இருந்தால் அதற்குள் உலோகக் குழாயை இறக்கலாம். அதன் செங்கல் துவாரத்தை அப்படியே பயன்படுத்தினால் இடுக்குகள் வழியே புகை மற்ற அறைகளுக்குக் கசியும். புகைக்குழாய் கூரைக்கு மேல் செங்குத்தாகத் திறக்க வேண்டும்; அண்டை ஜன்னல்களும் உங்கள் கட்டடமே காற்றை உள்ளிழுக்கும் வாயும் அதற்கு அருகில் இருக்கக் கூடாது.

லவுஞ்சிலிருந்து வெளியேறும் காற்று உள்ளே வரும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு இடுக்கில் காற்று எப்போதும் லவுஞ்சை நோக்கியே நகரும், புகை கடைக்குள் வராது. ஆனால் கதவு திறந்ததும் நிலைமை மாறிவிடும். ஜப்பானின் விதிகள் புகைக்கும் அறையின் வாசலில் உள்நோக்கிய காற்றுக்கு நொடிக்கு 0.2 மீட்டர் வேகம் கேட்கின்றன. 90 சென்டிமீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள வாசலில் அந்த வேகத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 380 லிட்டர் காற்று போக வேண்டும். நம் எடுத்துக்காட்டு அறை வெளியேற்றும் 450 லிட்டரில் பெரும்பகுதியை லவுஞ்சுக்குள் நேராகச் செலுத்திவிட்டால் வாசலுக்கு மிஞ்சுவது மிகச் சிறிது. ஆதலால் வெளிக்காற்றைப் பதப்படுத்தி முதலில் கடைக்குள் விட்டு, அங்கிருந்து லவுஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளும் முறையையே நான் விரும்புகிறேன். ஒரே காற்று இரண்டு அறைகளுக்கும் பயன்படுகிறது, கடை ஊழியருக்குப் புதுக்காற்று கிடைக்கிறது, வாசலும் தானாகவே காவலாகிறது. அறைகளுக்கிடையே காற்று கடக்கும் சன்னலில் தீத்தடுப்பு மூடி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். லவுஞ்சின் காற்றைச் சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கடையிலோ சுருட்டு அறையிலோ சேர்க்கும் எந்த ஏற்பாட்டையும் ஏற்காதீர்கள், விற்பவர் எந்த வடிகட்டியைக் காட்டினாலும் சரி. ஹெப்பா வடிகட்டி புகைத் துகளைப் பிடிக்கும், கரி வடிகட்டி நாற்றத்தைக் குறைக்கும், இரண்டும் துணைக்கருவிகளே.

பழைய கட்டடத்தின் உயர்ந்த கூரை இங்கே பெரிய வரம். சூடான புகை மேலே எழுந்து மூச்சுவிடும் மட்டத்துக்கு மேல் தங்கும். புதுக்காற்றைத் தரைக்கு அருகில் மெதுவாக விட்டு, மேலே உறிஞ்சினால் அந்த இயல்பே நமக்கு உதவும். பொய்க்கூரை போட்டு உயரத்தைக் குறைப்பதும், வேகமான மின்விசிறி மாட்டி மேலே உள்ள புகையைக் கீழே அடிப்பதும் கையிலுள்ள வசதியைக் கெடுத்துக்கொள்வதாகும்.

தீயும் மேற்பூச்சும்

சாதாரணப் புகை உணர்விகள் லவுஞ்சில் நாள்தோறும் அலறும்; அதனால் யாரேனும் அவற்றை அணைத்து வைத்துவிடுவார்கள், அதுவே பேராபத்து. தீயணைப்புத் துறையின் ஒப்புதலோடு அங்கே வெப்ப உணர்விகளைப் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு உணர்வியும் வேண்டும். சாம்பலைக் கொட்டுவதற்கு மூடியுள்ள உலோகத் தொட்டியும், கடை மூடிய பிறகு அதை வெளியே வைக்க ஓர் இடமும் தேவை.

துணி உறையிட்ட நாற்காலி, கம்பளம், திரைச்சீலை ஆகியவை புகையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துடைக்கக்கூடிய தோல், மரம், கல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர்தான் தருமசங்கடம்: சுண்ணாம்புப் பூச்சு சுவாசிக்கும், ஆனால் புகையின் மஞ்சள் கறையையும் ஏற்கும்; கழுவக்கூடிய பெயிண்டிலிருந்து கறையைத் துடைத்துவிடலாம், ஆனால் சுவரை மூச்சுமுட்ட வைக்கும். வெளிச்சுவர்களுக்கு முன்னால் இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் ஒரு முன்சுவர் எழுப்பி, கழுவும் பூச்சை அதன்மேல் பூசுங்கள். உலர்ந்த உட்சுவர்களில் நேராகவே பூசலாம்.

திறப்பதற்கு முன்

சுருட்டு அறையை வெறுமையாகவே இரண்டு வாரம் ஓடவிடுங்கள். புது மரம் நிறைய ஈரத்தைக் குடிக்கும். அதற்குள் சரக்கை அடுக்கினால் சுருட்டிலிருந்தே அந்த ஈரத்தை எடுத்துக்கொள்ளும். மேல்தட்டில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று, கதவருகில் ஒன்று என மூன்று ஈரப்பதமானிகள் வைத்து, மூன்றும் தொடர்ந்து சில நாட்கள் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போன பிறகே முதல் பெட்டியை உள்ளே வையுங்கள். புதிதாக வரும் பெட்டிகளைத் தனி அலமாரியில் சில வாரம் ஒதுக்கி, துளைகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

லவுஞ்சுக்கு ஊதுபத்திச் சோதனை போதும். எல்லா விசிறிகளும் ஓடும்போது கடைப்பக்கம் நின்று, மூடிய கதவின் அடியிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபட வேண்டும். பிறகு கதவைத் திறந்து, முழங்கால், இடுப்பு, தலை ஆகிய மூன்று உயரங்களிலும் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் தலை உயரத்தில்தான் புகை தயங்கித் திரும்பும். அப்படித் திரும்பினால் வெளியேற்றும் விசிறியின் வேகத்தைக் கூட்டி, மீண்டும் பிடித்துப் பாருங்கள். வெளிவாசல் திறந்திருக்கும்போதும், காற்று பலமாக வீசும் நாளிலும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். கடை நடக்கத் தொடங்கிய பின் லவுஞ்சுக் கதவு நிலையின் மேல்விளிம்பில் கடைப்பக்கமாக ஒரு மெல்லிய பட்டு நாடாவைத் தொங்கவிட்டு வையுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது லவுஞ்சின் பக்கம் சாய்கிறதா என்று பணம் வாங்கும் ஊழியர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சாயாத நாளில், காற்று வெளியேறும் வழியிலுள்ள வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.